இடது பக்கத்துச் சக்கரம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிடைத்தது என்றுகூடச் சொல்லக்கூடாது. வேனின் முன் சீற்றில் உட்கார்ந்திருந்தேன், காலடியில் தகரம் நடுங்கியது. அவ்வளவுதான்.

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் குடியிருக்கிறேன். (தோட்டத்தின் பெயர் வேண்டாம். போட்டால் யாராவது போன் எடுத்துச் சண்டைக்கு வருவார்கள்.) யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணித வாத்தியார் நான், பெயர் றமணன். தினமும் காலையில் கணேசமூர்த்தி ஓட்டும் டொல்பின் வேனில், பதினெட்டுப் பிள்ளைகளோடு, நாலு கிலோமீற்றர் இறக்கம் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். மாசி மாதம் முடியும் நேரத்தில் அந்த நடுக்கம் தொடங்கியது. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வரும், விட்டால் நின்றுவிடும்.

"பிரேக் பிடிக்கேக்கை ஏன் அண்ணை இப்பிடி உதறுது?" என்று கேட்டேன்.

"டிஸ்க்கு வளைஞ்சிருச்சிங்க சார். பொங்கலுக்கு அப்புறம் போட்டதுல ரெண்டாவதும் போச்சு. நம்ம ஜீவராஜ் பாஸ் புதுசுன்னு சொல்லி என்னத்தையோ மாட்டி விட்டிருக்காரு" என்றார் கணேசமூர்த்தி.

பிரேக் டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. மிதித்தால் இரண்டு பக்கமும் பேட் வந்து அதைக் கவ்வும். தட்டு சமனாக இருந்தால் வண்டி சத்தமில்லாமல் நிற்கும். வளைந்திருந்தால் உதறும். இவ்வளவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

கதை என்னுடையதல்ல, அந்த மெக்கானிக் ஜீவராஜுடையது (தொழில் தெரிந்தவரை இங்கே 'பாஸ்' என்பார்கள்). நான் இனி ஒதுங்கிக்கொள்கிறேன். [ஒதுங்குவேன் என்று நம்பித்தான் இந்த வரியை எழுதினேன். பின்னால் பாருங்கள், எத்தனை தரம் தலையை நீட்டியிருக்கிறேன் என்று.]

2

முதல் தொடக்கம்: 'பனி மூடிய மலைச்சரிவில், தேயிலைச் செடிகளின் நடுவே—'

அடித்துவிட்டேன். வெளியூரிலிருந்து இங்கே வந்தவன் எவனும் பனியில்தான் தொடங்குகிறான். அன்றைக்கு மண்டையைப் பிளக்கிற வெயில்.

இரண்டாவது தொடக்கம்: 'ஜீவராஜ் நேர்மையான மெக்கானிக்.'

இதையும் அடித்தேன். இப்படி ஒரு வரி வந்தால் நீங்கள் உடனே அவனைச் சந்தேகப்படுவீர்கள். நானும் அப்படித்தான். (கதைக்குள் 'அவன்' என்கிறேன். நேரில் 'நீங்கள்'தான், அதுவும் மரியாதையாக.)

மூன்றாவது தொடக்கம், வேறு வழியில்லாமல் வைத்துக்கொண்டது:

மூன்றாவது தடவையாக அதே இடது முன்சக்கரத்தைக் கழற்றும்போது ஜீவராஜுக்குக் கோபம்கூட வரவில்லை. ஜாக்கியை ஏற்றினான். பேட்டைப் பிடித்திருக்கும் கலிப்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸில் பாரம் விழாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டான். டிஸ்க்கை மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி எடுத்தான். அது உட்காரும் இடத்தில் துரு இருந்தால் புது டிஸ்க்கும் கோணலாகத்தான் உட்காரும் என்பதால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தான். போன தடவையும் இப்படித்தான் தேய்த்திருந்தான். அளவு பார்க்கும் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்தான். குறையில்லை. கலிப்பர் இறுகியிருக்கிறதா? இல்லை. பேட் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறதா? இல்லை. வலது பக்கத்தைக் கழற்றினான். பொங்கலுக்கு அப்புறம் முதல் இடது டிஸ்க்கோடு ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியது அது. வலது டிஸ்க் வழவழவென்று புதுப்பெண் மாதிரி இருந்தது. இடது டிஸ்க்கில் மட்டும் நீலம் பாய்ந்த திட்டுகள்.

"பாஸ், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க" என்றார் கணேசமூர்த்தி. "இது புதுசுதானா?"

"பெட்டிய ஒங்க கண்ணு முன்னாடிதானே உடைச்சேன்?"

"பெட்டி புதுசுதாங்க பாஸ். உள்ளுக்கு இருந்ததத்தான் கேக்குறேன்."

ஜீவராஜ் புது டிஸ்க்கைக் கையில் எடுத்தான். இந்தக் கேள்வி லிந்துலைத் தேத்தண்ணிக் கடையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். இரண்டு ஓட்டோக்காரர்கள் அவன் கராஜைத் தாண்டித் தலவாக்கலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். என்ஜினைக் கெடுத்தான், ஒயிலில் கலப்படம் செய்தான் என்று யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டு போகக்கூடியவன்தான். பிரேக்கைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக்கூடாது. அந்த ஒரு பேச்சை அவனால் தாங்க முடியாது.

ஏன் என்பதை அடுத்த பகுதியில் சொல்வதாக இருந்தேன். சொல்லவில்லை. ஐந்தில் சொல்கிறேன், கட்டாயம்.

3

புது டிஸ்க்கைப் பூட்டி, மறுநாள் காலை வேனில் தானும் ஏறிக்கொண்டான். முன் சீற்றுக்குப் பின்னால், இடது கதவோரம், தரையில் குந்திக்கொண்டு தகரத்தில் காதை வைத்தான். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இறக்கம் முழுக்க கணேசமூர்த்தி மூன்றாம் கியரில், பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் வந்தார். மணியடிக்கும் முன் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும், அது அவர் நியாயம். கடைசி வளைவு தாண்டும்போது பேட் கருகும் மணம் வந்தது. "ரெண்டுல இறக்கணும்ணே" என்று ஜீவராஜ் சொல்ல வாயெடுத்தபோது வேன் நின்றது. காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில், ரோட்டின் இடது ஓரத்தில், இறக்கத்து முனியின் கோயில் இருக்கிறது.*

இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, முதுகில் கூடையோடு, பெரட்டுக்குத் தயாராக ஒரு பெண் நின்றார். கையில் பழைய பெயின்ற் வாளி. மலையூற்றுப் பீலியில் பிடித்த தண்ணீர், மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்டது. வேன் நின்றதும் வாளியை இரண்டு கையாலும் தூக்கி, இடது முன்சக்கரத்தில் ஒரே வீச்சாக ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பி ஜன்னல்வரைக்கும் ஏறியது. பிள்ளைகள் கும்பிட்டார்கள். கணேசமூர்த்தியும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். வேன் கிளம்பியது. முழுவதுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜீவராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொட்டால் தோல் உரியும் சூட்டில் இருக்கும் இரும்பில், கை விறைக்கும் பீலித்தண்ணீர், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும், தினமும். எந்தக் கொம்பன் செய்த டிஸ்க்கும் வளையும். தப்பு தன்னுடையதில்லை என்ற சந்தோஷம் நெஞ்சுக்குள் பொங்கியது. உடனேயே அந்தப் பெண் யாரென்றும் தெரிந்தது. தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

நான் முன் சீற்றிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அவனுக்கு வாந்தி வருகிறது என்று நினைத்தேன்.

* இந்த முனிக்கு இதுதான் பெயரா என்று கேட்காதீர்கள். இறங்கி வருகிற வண்டிகள் ஹோர்ன் அடித்துவிட்டுப் போகும், அதனால் அந்தப் பெயர். மேலே ஏறுகிற வண்டிகள் கண்டுகொள்வதில்லை.

4

வாளியோடு நின்ற ராக்காயியைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் எழுதிய பிரதியில் அவரை வயதானவராக, வாயில் வெற்றிலையோடு, எதைச் சொன்னாலும் 'சாமி குத்தம்' என்கிற ஆளாக எழுதியிருந்தேன். எழுதச் சுலபமாக இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாகவும் இருந்தது. நிஜத்தில் அவருக்கு நாற்பத்திரண்டு வயது. சங்கக் கூட்டத்தில் தலைவரை இடைமறித்துக் கேள்வி கேட்கிறவர். லயத்து வீடுகளுக்கு வந்த குடும்ப நல மாதுவிடம் ஊசியின் திகதியைக் காட்டச் சொன்னவர். மகள் சுலக்ஷனா என் வகுப்பில் படிக்கிறாள், இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். பெற்றோர் கூட்டத்தில் என்னிடம், "கணக்குல எழுபது போதுமாங்க சார், எழுபத்தஞ்சு வேணுங்களா?" என்று கேட்ட ஒரே தாய் அவர்தான்.

இப்படிப்பட்டவர் தினமும் வாளியோடு நிற்கிறார் என்றால் அதை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுப் போக முடியுமா? முடியாது என்று தெரிந்த பிறகும், ஏன் ஊற்றுகிறார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. மகள் வேனில் இருக்கிறாள், ஊற்றுகிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கதை எழுதுகிறவனுக்கு இந்த வியாதி உண்டு.

5

பதினொரு வருடங்களுக்கு முன்பு அந்த இறக்கத்தில் ஒரு கொழுந்து லொறி—

கொழுந்து லொறியின் பிரேக்—

ராக்காயியின் கணவர் சின்னத்தம்பி அன்றைக்கு லொறியில்—

மூன்று தரமும் நிறுத்திவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். கொழுந்து லொறி கடைசி வளைவில் நிற்காமல் போய்க் கவிழ்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த சின்னத்தம்பி இறந்தார். சுலக்ஷனாவுக்கு அப்போது ஐந்து வயது. அளவுக்கு மிஞ்சிய பாரம், வேகம் என்று விசாரணையில் எழுதினார்கள். அதற்கு இரண்டு நாளைக்கு முன் அந்த லொறிக்குப் பிரேக் லைனர் மாற்றியவன் ஜீவராஜ். வயது இருபத்திரண்டு. வேறொருவரின் கராஜில் வேலை செய்துகொண்டிருந்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

என்னிடம் இதை அவன் சொன்னது கராஜில், கையில் ஸ்பானரோடு, என் முகத்தைப் பார்க்காமல்.

"செம்மையாத்தான் பூட்டுனேன்னு நெனைக்கிறேன் சார். நெனைக்கிறேன், அவ்வளவுதான். சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணமாட்டேன். அன்னையிலேருந்து ஒவ்வொரு நட்டையும் மூணு தரம் பாக்குறேன். வீட்டுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்து பாக்குற நாளும் இருக்கு."

"அந்த அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன். தெரிஞ்சா என்னைய ரோட்டுல விட்டு வச்சிருப்பாங்களா? இப்ப நான் போயி, 'நீங்க சாமிக்கு ஊத்துற தண்ணிதான் பிரேக்க ஒடைக்குது'ன்னு சொல்லணும். எந்த வாயால சார் சொல்லுவேன்?"

(இந்த உரையாடலை முதலில் எழுதியபோது ஜீவராஜை என் ஊர்ப் பேச்சில் பேசவைத்திருந்தேன். வாசித்துக் காட்டினேன். "நான் எப்ப சார் யாழ்ப்பாணம் போனேன்?" என்றான். அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.)

6

சொல்லாமல் சமாளிக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் பார்த்தான். அங்கே நிறுத்தாதீர்கள் என்று கணேசமூர்த்தியிடம் சொன்னான். "நிப்பாட்டாட்டி அந்தக்கா ரோட்டு நடுவுல வந்து நிக்கும் பாஸ்" என்றார். பத்து நிமிடம் முன்னால் நிறுத்தி ஆறவிட்டு வாருங்கள் என்றான். இரண்டு நாள் நடந்தது, அதிபர் கூப்பிட்டுத் திட்டினார். இரண்டாம் கியரில் இறக்கச் சொன்னான். சூடு கொஞ்சம் குறைந்தது, தண்ணீர் குறையவில்லை.

"தண்ணி பட்டா இரும்பு ஒடையுமா பாஸ்?" என்று கணேசமூர்த்தி கேட்டார். "இங்க வருஷத்துல எட்டு மாசம் மழைதானே பெய்யுது?"

"மழை ஓட ஓட, கொஞ்சங்கொஞ்சமா படுது. இது நிக்கிற சக்கரம்ணே. அடுப்புல காயுற கண்ணாடிக் கிளாஸ்ல பச்சத்தண்ணி ஊத்திப் பாருங்க, தெரியும்."

கணேசமூர்த்தி தலையை ஆட்டினார். நம்பவில்லை. தன் சாமானுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்றுதான் நினைத்திருப்பார்.

கடைசியில் ஜீவராஜ் என்னிடம் வந்தான். "நீங்க சொல்லுங்க சார். வாத்தியார் சொன்னா கேப்பாங்க."

சொல்கிறேன் என்றேன்.

இப்போது என் பாவத்தையும் எழுதவேண்டும். ஒன்பது காலைகள். ஒவ்வொரு காலையும் கோயிலடியில் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். "சுகமா இருக்கிறியளோ அக்கா?" என்று கேட்டேன். "புள்ள எப்புடிங்க சார் படிக்கிறா?" என்று அவர் கேட்டார். "நல்லாச் செய்யிறா" என்றேன். ஆவி எழும்பியது. கண்ணாடியை ஏற்றினேன். பின்னேரம் குவாட்டர்ஸுக்குத் திரும்பி வந்து, மேசையில் உட்கார்ந்து, இந்தக் கதையின் ஒன்று முதல் ஐந்து வரைக்குமான பகுதிகளைத் திருத்தித் திருத்தி எழுதினேன். இரண்டாம் பகுதியில் மூன்று தொடக்கங்கள் இருந்தனவே, அவை அந்த ஒன்பது நாளில் வந்தவை. அவருக்குச் சொல்லவேண்டியதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தாவது நாள் வியாழக்கிழமை. கடைசி வளைவில் கணேசமூர்த்தி பிரேக்கை மிதிக்க, இடது பக்கத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம். வேன் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. பிள்ளைகள் கத்தினார்கள். கைப்பிரேக்கை இழுத்து, கியரை ஒடித்து இறக்கி, எதிர்க்கரையில் மண்மேட்டில் உரசி நிறுத்தினார். அதற்குப் பக்கத்தில் பள்ளம். எவ்வளவு பக்கத்தில் என்று எண் போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. யாருக்கும் காயமில்லை.

ஜீவராஜ் வந்து கழற்றினான். டிஸ்க்கில் நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் விரிசல், நகம் நுழையும் அகலத்தில். கணேசமூர்த்தி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க பாஸ்" என்றார். ஜீவராஜ் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நாலாவது டிஸ்க்கைப் பூட்டினான், இரண்டு பேட்டையும் மாற்றினான், நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்கினான். மூன்று தரம் பார்த்தான். "திங்கக்கிழம நானும் வாறேன்" என்றான்.

7

முடிவுகளை முன்கூட்டியே எழுதிப் பார்ப்பது என் பழக்கம். சனியும் ஞாயிறும் அதற்குத்தான் போயின.

முடிவு அ: ஜீவராஜ் விளக்குகிறான். ராக்காயி கேட்டுக்கொள்கிறார். முனிக்கு முன்னால் மண்ணில் தண்ணீரை ஊற்றிவிட்டு மகளுக்குக் கையசைக்கிறார். இது ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகத்துக்குப் பொருந்தும். கீழே நாலு கேள்வியும் போடலாம். கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: யாரும் சொல்லவில்லை. வாளி தொடர்கிறது. பிறகு ஒரு காலை, அந்த வளைவில்—

இதை மூன்று வரி எழுதினேன். காலையில் வகுப்பில் பெயர் கூப்பிடுகிறவன் நான். பதினெட்டுப் பெயரும் வரிசையாக வந்து வாயில் நின்றன. பேனாவை மூடிவிட்டேன்.

முடிவு இ: வாத்தியார் இறங்கித் தானே சொல்லிவிடுகிறார். இதை எழுத எனக்கே வெட்கமாக இருந்தது.

8

திங்கட்கிழமை.

வேன் நின்றதும் ஜீவராஜ் முதலில் குதித்தான். ராக்காயி வாளியைத் தூக்கியிருந்தார். அவன் போய்ச் சக்கரத்துக்கு முன்னால் நின்றான்.

"அக்கா, ஊத்தாதீங்க. டிஸ்க்கு கொதிச்சுப்போய் இருக்கு. பச்சத்தண்ணி பட்டுத்தான் வெடிக்குது. போன வாரம் வளைவுல வண்டி இழுத்துக்கிட்டுப் போனது அதனாலதான்."

"யாரு சொல்றா?"

"நான்தாங்க்கா. இந்த வண்டிக்குப் பிரேக்கு பாக்குறது நான்தான்."

"அது தெரியும்" என்றார் ராக்காயி.

வாளியை இறக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"பொங்கலுக்கு அப்புறந்தானே இந்த வண்டி ஒன் கராஜுக்கு வந்துச்சு? அன்னையிலேருந்துதான் ஊத்துறேன். கொழுந்து லொறிக்கு லைனர் மாத்துனது நீதான்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

ஜீவராஜ் சக்கரத்தை விட்டு நகரவில்லை.

"விசாரணையில சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன். நீயும் சின்னப் பையன். ஆனா இப்ப என் புள்ள இதுல வாறா. நடந்து போகச் சொன்னா நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டா. வேற வண்டி இல்ல. ஒன் கைய நான் நம்பமாட்டேன். முனிய விட்டா நான் வேற யாருகிட்ட போயிக் கேப்பேன், சொல்லு?"

இத்தனை நாளாக நான் பக்தி என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தது இது. நாலாம் பகுதியைத் திருத்தவேண்டும். திருத்தப் போவதில்லை. என் மடத்தனம் அப்படியே இருக்கட்டும்.

ஜீவராஜ், நான் செம்மையாகத்தான் பூட்டினேன் என்று சொல்லவில்லை. சக்கரத்துக்கு முன்னால் மண்ணில் முழங்காலிட்டான். கிறீஸ் படிந்த இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான்.

"சக்கரத்துல வேணாங்க்கா. இதுல ஊத்துங்க."

[கணேசமூர்த்தி இதை மறுக்கிறார். ஜீவராஜ் ஒன்றும் பேசவில்லை, சும்மா கையை நீட்டிக்கொண்டு குந்தினான், சூடு பார்த்திருப்பான் என்கிறார். அவர் வலது பக்கம் இருந்தார். நான் இடது பக்கம், கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. கேட்டதை எழுதியிருக்கிறேன்.]

"அம்மா, மணி அடிச்சிருவாங்கம்மா" என்று சுலக்ஷனா ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

இதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். பக்கத்தில்தானே இருந்தேன். ஆனால் பேசவேண்டிய ஒன்பது காலையும் வாயை மூடிக்கொண்டிருந்தவன், இந்த இடத்தில் மட்டும் வாயைத் திறந்து ஒரு முடிவைச் சொல்வது நியாயமில்லை. நான் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறேன்.

நீங்கள் வாருங்கள். வாளியைப் பிடியுங்கள், நிறையத் தண்ணீர் இருக்கிறது, கனக்கும். முன்னால் கொதிக்கிற சக்கரம். அதற்கு முன்னால் உங்கள் புருஷன் ஏறிப்போன லொறிக்கு லைனர் பூட்டிய கை, நீட்டியபடி இருக்கிறது. உங்கள் மகள் ஜன்னலில் காத்திருக்கிறாள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

ஊற்றுங்கள்.